பழைய கார்க் கடையில் வைத்துவிட்டு வந்த குடை

1

இந்த நாட்டில் நாம் விட்டுவிட்டு வரும் பொருளை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸில் ஒற்றைக் கையுறையை விட்டால்கூட மறுநாள் டிப்போவில் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஊரில் இதைச் சொன்னால், "அடேயப்பா, என்ன நாணயம்!" என்பீர்கள். ஏழு வருஷமாக நானும் அப்படித்தான் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு இந்த நாணயத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணம் ஆன கையோடு கணவருடன் கப்பலேறி, இங்கிலாந்தின் வடக்கே மழைக்கு ஓய்வே இல்லாத ஒரு ஊருக்கு வந்து சேர்ந்தேன். அவர் மூன்றாவது குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். மகள் செல்வமணிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் விடுதியில் குழந்தை வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. வெளியே அறை கேட்டுப் போனால், கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் அந்த அறை நிரம்பிவிடுகிறது. வேறு வழி இல்லாமல் மகளை ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வளர்க்க விட்டேன். ஆறு மாசம் என்று சொல்லித்தான் விட்டேன். நாலு வருஷம் ஆகிவிட்டது.

அந்த அம்மாள் பெயர் மிஸஸ் ஹாரிஸ். நல்ல மனுஷி. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். செல்வமணி என்று அவருக்கு வாயில் நுழையவில்லை, செல்மா ஆக்கிவிட்டார். பள்ளிக்கூடத்திலும் செல்மாதான். சனிக்கிழமை தோறும் காலை எட்டு மணி முதல் சாயங்காலம் ஐந்து மணி வரைதான் அவள் என் மகள். அவளிடம் மிச்சம் இருக்கும் தமிழ் பத்துப் பதினைந்து வார்த்தை. அதையும் நான் தூண்டில் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டு இரண்டு வருஷம் இருக்கும். இப்போதெல்லாம் மம்மி.

இங்கே நவம்பரில் ஒரு நாள் எல்லோரும் வாணம் விடுவார்கள். போன வருஷம் மிஸஸ் ஹாரிஸ் வீட்டுத் தோட்டத்தில் நாலு பூவாணமும் இரண்டு ராக்கெட்டும் விட்டார்கள். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டாள்: "மம்மி, உங்கள் ஊரில் இந்த மாதிரியெல்லாம் உண்டா?" சிவகாசிப் பட்டாசு லோடு ஏற்றியே காலம் தள்ளிய டிரைவருடைய பேத்தி கேட்கிற கேள்வி! நான் சிரித்துவிட்டேன். விடுதிக்கு வந்த பிறகுதான் அந்த 'உங்கள் ஊர்' நெஞ்சில் குத்தியது.

போன மாசம் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. செல்மா அந்த வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டாள், இனி ஹாரிஸ் தம்பதியே அவளை நிரந்தரமாக வளர்க்கச் சம்மதிக்கிறேன் என்று தாயார் கையெழுத்துப் போட வேண்டும். சம்மதம் இல்லையென்றால், பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுந்த வீடு இருப்பதை இந்த மாத முடிவுக்குள் காட்ட வேண்டும். 'தகுந்த வீடு' என்பதன் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

அதே வாரம் ஒரு வழியும் திறந்தது. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி வேலை ஒன்று காலியானது. வேலையோடு இரண்டு அறை உள்ள வீடும் உண்டு. ஒரே நிபந்தனை, சொந்தக் கார் வேண்டும். ஓட்டுவதற்கான லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் கார் நம்பரைச் சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சூப்பரின்டென்டென்ட் அம்மாள் சொல்லிவிட்டார். கார் கிடைத்தால் வேலை, வேலை கிடைத்தால் வீடு, வீடு கிடைத்தால் என் பிள்ளை. கணவரை அடக்கம் செய்யும்போதே நகையெல்லாம் போய்விட்டது. கூட வேலை பார்க்கும் மலையாளப் பெண் கொடுத்து உதவியதையும் சேர்த்து என் கையில் இருந்தது அறுபது பவுண்டு.

2

பழைய கார் வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தைரியம் எனக்கு இருந்தது. விருதுநகரில் என் அய்யா கார் வாங்கினபோது நான் பக்கத்தில் இருந்தவள்.

அய்யா ஞானமுத்து, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டினார். முதலாளியோடு ஏதோ வாய்த்தகராறு. தீபாவளி சீசன் முடிந்ததும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாசம் வீட்டில் இருந்தார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கித்தான் கஞ்சி காய்ச்சினாள். அய்யாவுக்கு ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஒரு பழைய காரை வாங்கி, சாத்தூருக்கும் இருக்கன்குடிக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்று முடிவு செய்தார். ஆடி கடைசி வெள்ளிக்கு வரும் கூட்டத்தைப் பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வேதக்காரர் மாரியம்மன் கோயிலுக்குக் கார் ஓட்டுவதா என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "அம்மனா கார்ல ஏறப் போகுது? சனந்தான ஏறப் போகுது" என்று அய்யா வாயை அடைத்துவிட்டார்.

அம்மாவின் சங்கிலி, இரண்டு வெள்ளாடு, ஒரு தையல் மிஷின் எல்லாம் போய் ஆயிரத்து அறுநூறு ரூபாய் சேர்ந்தது. அது ஐம்பத்தொன்றோ ஐம்பத்திரண்டோ, சரியாக நினைவில்லை. எனக்குப் பதினாலு வயது. விருதுநகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் லீவுக்கு என்னைக் கூட்டிப் போக வந்தவர், "வழியில ஒரு சின்னச் சோலி இருக்கு தாயி" என்றார்.

முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருந்தார். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்; போணி ஆகாமல் அனுப்ப யாருக்கும் மனசு வராது. முகம் வழித்து, சலவைச் சட்டை போட்டு, ஓடாத கைக்கடிகாரம் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிக் கட்டியிருந்தார். கஷ்டம் முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. ஆனி மாசம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயிலுக்குக்கூட அவர் குடை பிடித்து நான் பார்த்ததில்லை.

கார்க் கடை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. முன்பு மிளகாய் வத்தல் கிட்டங்கியாக இருந்த தகரக் கொட்டகை அது. நாலு காரும் நின்றன, வத்தல் நெடியும் போகவில்லை. நுழைந்ததும் தும்மினேன். கடைக்காரர் காளியப்ப அண்ணாச்சி பெஞ்சியில் இருந்தபடியே, "பாப்பா, காலங்காத்தால ஒத்தத் தும்மலோட நிறுத்திராத. இன்னொன்னும் போட்ரு" என்றார். நான் இன்னொன்றும் போட்டேன்.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"

"அதெல்லாம் ஆச்சு. பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன். சும்மா இப்பிடியே ஒரு பார்வை பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்றார் அய்யா. இரண்டு வாரமாக ராத்திரி தூங்காமல் அங்கே நின்ற ஒரு கறுப்புக் காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

மலைத் தோட்டத்து டாக்டர் ஒருவர் ஓட்டிக் கழித்த கார். அய்யா முழங்கால் போட்டு அடியில் பார்த்தார், ஆயில் குச்சியை உருவி மோந்தார், கதவை நாலு தடவை அடைத்துத் திறந்தார். பெஞ்சியில் வந்து உட்கார்ந்து குடையைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்.

"என்ன சொல்றீக?"

"உங்களுக்குன்னா ரெண்டாயிரம்."

"எனக்குன்னா ரெண்டாயிரமா? அப்ப மத்தவுகளுக்குச் சும்மாவே குடுத்துருவீகளோ?"

"சரி, நீங்க எம்புட்டுக்குக் கேக்கீக?"

"ஆயிரத்து ஐநூறு. அதுவே சாஸ்தி. இத வாங்கினா ஏறியா போக முடியும்? இருக்கங்குடிக்குத் தள்ளிக்கிட்டேதான் போகணும். நேத்திக்கடனாப் போயிரும்."

"வேதக்காரருக்கு எதுக்கு அண்ணாச்சி நேத்திக்கடன்? ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதுக்குக் கீள எறங்கினா நான் கொட்டகையப் பூட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்."

இப்படியே அரை மணி நேரம் போனது. ஆயிரத்து எழுநூறுக்கு வந்து காளியப்ப அண்ணாச்சி நின்றுவிட்டார். அய்யாவிடம் இருந்ததோ ஆயிரத்து அறுநூறு, அதற்கு மேல் ஒரு சல்லி இல்லை. "அப்ப வாரோம்" என்று எழுந்தார். என் தோளில் கை வைத்து, "திரும்பிப் பாக்காம நட" என்று மெதுவாகச் சொன்னார்.

நடந்தோம். ரயில்வே கேட் வந்தது. பின்னாலிருந்து குரல் வரவில்லை. கேட்டைத் தாண்டி டீக்கடை வரை வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். டீ சொல்லவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துக் காலர் நனைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அய்யா, கொட!" என்று கத்திவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் எடுத்தேன் ஓட்டம். கொட்டகைக்குள் புகுந்து குடையை எடுத்துக்கொண்டு, காளியப்ப அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி ஓடிவந்து அய்யா கையில் கொடுத்தேன். மெச்சுவார் என்று நினைத்தேன்.

"எதுக்கும்மா எடுத்துட்டு வந்த?"

"நீங்க மறந்துட்டு வந்துட்டீகளே."

"மறக்கல தாயி. வச்சுட்டு வந்தேன்."

குடை அங்கே இருந்தால் அதை எடுக்க என்று திரும்பிப் போகலாம். போன இடத்தில் நாலு வார்த்தை பேசலாம். பேச்சு மறுபடி காருக்கு வந்துவிடும். குடை இல்லாமல் போனால் காருக்காகவே கெஞ்சிக்கொண்டு போனதாகிவிடும். இதைச் சொல்லிவிட்டு குடையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என் அய்யா கண்ணில் தண்ணீரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஓடிப் போய் ரயில் தண்டவாளத்தில் படுத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

அப்போது கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைய விட்டுக் கொடைய எடுத்துக்கிட்டீக? இன்னும் கொஞ்சம் கொறைப்பமான்னு நான் அந்தக் கொடையப் பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்! கொண்டாந்து இருந்த எடத்துல வையிங்க. பேசுவோம்."

ஆயிரத்து அறுநூறுக்கு முடிந்தது. அந்த ஆடியில் அய்யா இருக்கன்குடிக்கு எத்தனை நடை அடித்தார் என்று கணக்கே கிடையாது. பிறகு தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் காரில்தான். கார் நெடுக வத்தல் நெடி. ஏறினவர்கள் எல்லோரும் இரட்டைத் தும்மல் போட்டுத்தான் இறங்கினார்கள்.

3

போன சனிக்கிழமை எட்டு மணிக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் துணி முயலையும் எடுத்துக்கொண்டாள். ஒரு காது நைந்து, கண் ஒன்று பொத்தானாகிப் போன முயல். அது இல்லாமல் அவள் தூங்க மாட்டாள். மிஸஸ் ஹாரிஸ் வாராவாரம் இதை எனக்கு நினைவூட்டுவார். நான் இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, குடையை எடுத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது முதல் ஆள் நாங்கள்தான். போணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வரிசையாகக் கார்கள் மழையில் நின்றன. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் வெள்ளைச் சாயத்தில் விலை எழுதியிருந்தது. எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு நீலக் கார். தொண்ணூற்றைந்து பவுண்டு. மற்றதெல்லாம் நூற்றைம்பதுக்கு மேல். டை கட்டிய இளைஞன் ஒருவன் வந்து வணக்கம் சொன்னான்.

"சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்" என்றேன், அய்யா சொன்ன அதே தோரணையில்.

"தாராளமாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். போனவன் வரவே இல்லை. மழையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு நானே போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

குறைகளை அடுக்கினேன். கதவுக்கு அடியில் துரு என்றேன். ஆமாம் என்றான். இடது பக்கக் கண்ணாடி இறங்கவில்லை என்றேன். உண்மைதான், இறங்காது என்றான். டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். இன்னொன்று கூடத் தேய்ந்திருக்கிறது என்று அவனே பின்னால் கூட்டிப் போய்க் காட்டினான். "அதனால்தான் மேடம் தொண்ணூற்றைந்து." காளியப்ப அண்ணாச்சியாக இருந்தால் அந்தத் துருவை வைத்தே ஒரு சண்டை போட்டிருப்பார். இவனோடு எனக்குச் சண்டை போடவே வழியில்லை.

"ஐம்பது" என்றேன்.

அவன் கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தான். நான் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து, மரியாதையாக, கண்ணாடியில் எழுதியிருந்த எண்ணை எனக்கு வாசித்துக் காட்டினான். மகள் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "மம்மி, தொண்ணூற்றைந்து என்று அங்கேயே எழுதியிருக்கிறது." அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. எனக்காக என் பிள்ளை கூச்சப்படுவதை அப்படி நின்று பார்த்தேன்.

ஐம்பத்தைந்து என்றேன். கடைசியில் அவன் அறைக்குள் போய் உட்கார்ந்து அறுபது என்றேன். விலை வைப்பது முதலாளி, தனக்கு ஒரு ஷில்லிங் குறைக்கவும் அதிகாரம் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றான். அறையில் அவன் மேஜை ஓரமாகக் குடையைச் சாத்தி வைத்தேன். நான் வைத்ததை மகள் பார்த்தாள். "அப்படியானால் வருகிறோம்" என்று எழுந்தேன்.

"திரும்பிப் பாக்காம நட" என்றேன் வாசலில், தமிழில். அவளுக்குப் புரியவில்லை, திரும்பிப் பார்த்தாள். இங்கிலீஷில் சொன்னேன். நடந்தோம். குடை இல்லாததால் தலையில் மழை இறங்கியது. ஒரு விளக்குக் கம்பம் தாண்டினோம். தபால் பெட்டி வந்தது. ஆண்டவரே, கூப்பிட வையும், கூப்பிட வையும் என்று வாய்க்குள் ஜெபம் செய்துகொண்டே நடந்தேன்.

"மேடம்! மேடம்!"

கூப்பிட்டுவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. புது வீட்டுச் சமையலறையில் மகள் உட்காரப் போகும் நாற்காலிகூட என் கண் முன்னால் வந்துவிட்டது. மகளின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அவன் தலைக்கு மேல் கோட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடிவந்தான். இன்னொரு கையில் என் குடை.

"இதை மறந்துவிட்டீர்கள்" என்றான் மூச்சு வாங்க. குடையை என் கையில் கொடுத்தான். என் மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தான். நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பி ஓடிப் போனான்.

4

அதற்கப்புறமும் போனேன். குடையைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். அய்யா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பையனுக்கு எதிரே உட்கார்ந்து, வேலை, வீடு, தாள், திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். அவன் நிஜமாகவே கலங்கிவிட்டான். தவணையில் எடுக்கலாம் என்று ஒரு படிவத்தை எடுத்து அவனே நிரப்பினான். பிணைக் கையெழுத்து என்ற இடத்தில் வந்து பேனா நின்றது.

"கணவர்?"

"இல்லை. இறந்துவிட்டார்."

"அப்பா?"

"இருக்கிறார். ஏழாயிரம்பண்ணையில்."

"அது எந்த மாவட்டம்?"

இந்த நாட்டில் சொந்த வீடு உள்ள ஆண் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படி ஒருவரும் எனக்கு இல்லை. முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் டெலிபோனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இதற்குள் வயதான தம்பதி ஒன்று வெளியே நீலக் காரைச் சுற்றி வந்தது. கிழவர் உள்ளே உட்கார்ந்தார், எழுந்தார், கிழவி தலையை ஆட்டினார். உள்ளே வந்து செக் எழுதினார்கள். தொண்ணூற்றைந்து. ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. ஹாரனைக்கூட அடித்துப் பார்க்கவில்லை. பத்தே நிமிஷம்.

அந்தப் பையன் என்னிடம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டான் என்று எண்ணவில்லை. திங்கட்கிழமை அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அதையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். மகள் முயலை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள்: "மம்மி, குடையை வேண்டுமென்றுதானே வைத்தீர்கள்? நான் பார்த்தேன். ஏன்?"

சொன்னேன். விருதுநகர்க் கொட்டகை, கறுப்புக் கார், இரட்டைத் தும்மல், நான் ஓடிப் போய்க் குடையை எடுத்துவந்த கூத்து எல்லாம் சொன்னேன். தும்மலுக்குச் சிரித்தாள். "நம் ஊரில் ஒரு பொருளை விட்டுவிட்டு வந்தால், அதை எடுக்கத் திரும்பிப் போகலாம். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்" என்றேன்.

"உங்கள் அப்பா திரும்பிப் போனாரா?"

"போனார்."

"கொடுத்தார்களா?"

"கொடுத்தார்கள்."

அவள் முயலின் நைந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் முகம் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். கண்ணாடியில் உதட்டுச் சாயம் கலைந்த ஒரு முகம் தெரிந்தது. இவளிடம் எதை நம்பி ஒரு பிள்ளையை விடுவார்கள்? நானே நலத்துறை அதிகாரியாக இருந்தாலும் விடமாட்டேன். அங்கே அவளுக்குத் தனி அறை இருக்கிறது, கணப்பு இருக்கிறது, பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு கட்டிலும் குடையும்.

வந்து உட்கார்ந்து பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். தாயாரின் கையெழுத்து என்ற இடத்தில் போட்டேன். பேனாவை மூடினேன்.

"என்ன எழுதுகிறீர்கள், மம்மி?"

"ஆபீஸ் தாள்" என்று சொல்லிப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பை பாரமாக இருக்கும், நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இது வழக்கமில்லாத வழக்கம். நான் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் இடம் வரை கிடந்தேன்.

5

ஐந்து மணிக்கு மிஸஸ் ஹாரிஸ் வீட்டு வாசலில் நின்றோம். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே கேக் வாசம். குனிந்து என் மகளின் ஈரக் காலணிகளைக் கழற்றினார், ஈரத் தொப்பியை எடுத்தார், தலையைத் துவட்டினார். எல்லாம் நான் செய்ய வேண்டிய காரியங்கள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முயல் எங்கே, செல்மா?"

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"முயல் எங்கே, கண்ணு? அது இல்லாமல் நீ தூங்க மாட்டாயே!" அவருக்கு நிஜமாகவே பதற்றம். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது போல, குரலைத் தாழ்த்தி, "தாள்… கொண்டுவந்தீர்களா?" என்றார். கேட்கும்போது அவர் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவருக்கும் அந்தக் கேள்வி சுலபமில்லை.

"கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்து, பைக்குள் கையை விட்டேன்.

தாள் கையில் படவில்லை. ஈரத் துணி பட்டது. நைந்த காது பட்டது. பொத்தான் கண் பட்டது. தாளுக்கு மேலே அதை அழுத்தித் திணித்து, என் கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தது. மகளைப் பார்த்தேன். வெறுங்காலோடு மிஸஸ் ஹாரிஸ் பக்கத்தில் நின்றபடி கண் கொட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மேலே வந்துவிடுமோ என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பிறகு, எங்கேயோ தேடிப் பொறுக்கிய மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்.

"எடுக்காதம்மா. அங்கனயே இருக்கட்டும். நான் எடுக்க வாரேன்."

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அம்மா என்றாள். என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் மிஸஸ் ஹாரிஸ்.

"முயலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டாளாம்" என்றேன்.

"அந்தத் தாள்?"

கையை வெளியே எடுத்துப் பையை மூடினேன்.

"அதையும்தான்" என்றேன்.